இருதயத்துள் ஒரு வட்டம்

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பது வைத்தியத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். எழுந்து நடந்தால் விரையும். மீண்டும் அமர்ந்தால் தணியும். அச்சத்தில் ஓடும், உறக்கத்தில் மெல்ல நடக்கும். இவ்வாறு ஏறியும் இறங்கியும் வருவதே நல்ல நாடியின் இயல்பு. இருந்தாலும் 120, நடந்தாலும் 120, நள்ளிரவில் விழித்து எண்ணினாலும் 120 என மணிக்கூட்டைப் போல ஒரு நாடி அடித்துக்கொண்டிருக்குமாயின், அந்த மாறாத ஒழுங்கே நோயின் அடையாளமாகும்.

அத்தகைய நாடியுடைய பெண்மணி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நோயை ஆராயலாம். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குழந்தைப் பருவத்திலே, இருதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையேயுள்ள சுவரிற் பிறவியிலேயே இருந்த துவாரம் சத்திரசிகிச்சையினால் அடைக்கப்பட்டது. மார்பின் நடுவேயுள்ள மெல்லிய தழும்பைத் தவிர வேறு நினைவூட்டல் இன்றி அவர் படித்தார், மணம் புரிந்தார், மக்களைப் பெற்றார். இப்பொழுது சில வாரங்களாகப் படியேறினால் இளைக்கிறது. மார்பினுள்ளே ஏதோ அடித்துக்கொள்வது போன்ற உணர்வு. "மனப் பதற்றம்" என்று சொல்லி உறக்க மாத்திரை கொடுத்தனுப்பினார் ஒருவர். பதற்றத்தினாலும் நாடி 120ஐ எட்டக்கூடும் ஆதலால் அவ்வாறு தவறுதல் எளிது. ஆயினும் பதற்றத்தின் நாடி சிறிது நேரம் சாய்ந்திருந்தால் இறங்கும், இது இறங்காது. நாற்காலியில் இருத்திவைத்து இரண்டாம் முறை எண்ணியிருந்தால் ஐயம் பிறந்திருக்கும்.

இருதயத்துள் நடப்பது என்ன? வலப்புற மேலறையின், அதாவது வலச் சோணையறையின், உச்சியிலே சிறு தசைமுடிச்சு ஒன்று உண்டு. 1907ஆம் ஆண்டில் ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் பிரித்தானியர் இருவர் அதனைக் கண்டறிந்தனர். அங்கே பிறக்கும் மின்னலை இரு சோணையறைகளையும் கடக்க ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்களவே செல்லும். பின்னர் அது நடுவிலுள்ள இரண்டாவது முடிச்சில் சற்றுத் தாமதித்துக் கீழே இதயவறைகளுக்கு இறங்குகிறது. இந்த நடு முடிச்சை ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் ஜேர்மனியின் மார்பேக் நகரிலிருந்து ஆராய்ந்து வெளியிட்டார். ஒருமுறை சுருங்கிய தசை உடனே மறுமுறை சுருங்காது. அதற்குக் கணநேர ஓய்வு வேண்டும். ஆகவே சோணையறை முழுவதும் பரவிய அலை, மேலே செல்ல விழிப்புள்ள தசை எதுவும் எஞ்சாமையால் தானாகவே அவிந்துபோகிறது. அடுத்த துடிப்புக்கு அடுத்த அலை பிறக்க வேண்டும்.

அந்த அலை அவியாமல், தான் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்துவிட்டால்? அது திரும்பி வரும்போது அவ்விடத்துத் தசை ஓய்வு முடிந்து விழித்திருந்தால், மீண்டும் அவ்வழியே ஓடும். செக்கு மாட்டுக்கு முடிவு ஏது? சுற்று ஒன்றுக்குத் துடிப்பு ஒன்றாக, நிமிடத்துக்கு 240, 300 என்று சோணையறை சிறகடிக்கத் தொடங்கும். ஆங்கிலத்திலே இதற்கு வழங்கும் 'பிளட்டர்' என்ற பெயரும் சிறகடிப்பையே குறிக்கும். நல்வாய்ப்பாக நடுவிலுள்ள முடிச்சு காவலாளியைப் போல நின்று, வரும் அலைகளிற் பாதியைத் தடுத்துவிடுகிறது. 300 அலைகளுக்கு 150 நாடி; 240க்கு 120. அப்பெண்மணியின் மணிக்கட்டில் தெரிந்த எண் இதுவே.

இவ்வட்ட ஓட்டத்தின் கதை கடலிலே தொடங்குகிறது. 1906இல் அல்பிரட் மேயர் என்னும் அமெரிக்க விலங்கியல் அறிஞர், குடை போன்ற உடலையுடைய இழுதுமீனிலிருந்து தசைவளையங்களை வெட்டியெடுத்து, அவற்றில் ஒரே அலை திரும்பத் திரும்பச் சுற்றி ஓடக் கண்டார். கேம்பிரிட்ஜிலே பயின்ற ஜோர்ஜ் றால்ப் மைன்ஸ் என்னும் இளைஞர் அதே சோதனையை இருதயத் தசையிலே செய்து, 1913ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தம் முடிவுகளை வெளியிட்டார். வட்டம் நிலைபெற வேண்டுமாயின் வழி நீளமாக இருக்க வேண்டும், அல்லது அலை மெதுவாகச் செல்ல வேண்டும், அல்லது தசையின் ஓய்வு குறுக வேண்டும் என்பதை அவர் தெளிவாக்கினார். அதனினும் சிறந்தது அவர் வகுத்த பரீட்சை. வளையம் துடிப்பதைக் கண்ட மாத்திரத்தே அலை சுற்றுகிறது என்று நம்பிவிடலாகாது. ஓரிடத்திலிருந்து அடுத்தடுத்துப் புறப்படும் அலைகளும் அவ்வாறே தோன்றும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும். சுழலும் அலையாயின் வெட்டியதும் நிற்கும்; தனியே ஊறும் துடிப்பாயின் நில்லாது. மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராய் இருந்தபோது, 1914 நவம்பரில், தம் ஆய்வுகூடத்தில் உணர்விழந்து கிடக்கக் காணப்பட்ட மைன்ஸ் அன்றே உயிர் நீத்தார். வயது 28. மனித இருதயத்துள் அந்த வெட்டை இடுவதற்கு உலகம் மேலும் முக்கால் நூற்றாண்டு காத்திருந்தது.

சிறகடிப்பு நோயிலே வழமையான வகை ஒன்று உண்டு. அதில் அலை வலச் சோணையறையிலே, முக்கூர் வால்வின் வாயைச் சுற்றி ஓடும். அவ்வழியில் ஓர் இடுக்கு இருக்கிறது: கீழ்ப் பெருநாளத்துக்கும் வால்வுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் தசைப்பாலம். யாருடைய இருதயமாயினும் அது அவ்விடத்திலேயே இருக்கும். மின்வரைபிலே மரம் அரியும் வாளின் பற்களைப் போன்ற அலைவரிசை தெரிந்ததும் வைத்தியர் பெரும்பாலும் வழியை ஊகித்துவிடுவார். அப்பாலத்தைக் கதீற்றர் என்னும் மெல்லிய கம்பிக்குழலினாற் சுட்டு அறுக்கும் முறை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைபெற்றது. இன்று அது பெரும்பாலோர்க்கு ஒரே அமர்விற் பலன் தரும் சிகிச்சையாகும்.

இங்கு ஆராயப்படுவதோ வழமை மாறிய வகை. இதற்கு நிலையான முகவரி கிடையாது. இருதயத்துக்கு இருதயம் வட்டம் வேறுபடும். ஒரே இருதயத்தில் இரண்டு மூன்று வட்டங்களும் இருக்கலாம். வட்டத்தை அமைப்பது பெரும்பாலும் தழும்பு. தழும்பினூடாக மின்னலை செல்லாது. ஆற்றின் நடுவே எழுந்த தீவைப் போல அதனைச் சுற்றியே செல்லும். தழும்பின் ஓரத்திலும், தழும்பு இழைகளுக்கு இடையே எஞ்சிக் கிடக்கும் தசைக்கீற்றுகளிலும் அலை தயங்கித் தயங்கி ஊரும். மைன்ஸ் கேட்ட நீண்ட வழியும் மெதுவான நடையும் அங்கே ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

அந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் வைத்தியத்தின் வெற்றியே புதிய நோய்க்கு வித்திட்ட விந்தையைக் காண்கிறோம். 1952இல் மினசோட்டாவிலே ஜோன் லூயிஸ் உடலைக் குளிரவைத்தும், 1953 மே 6ஆம் தேதி பிலடெல்பியாவிலே ஜோன் கிப்பன் இருதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியினாலும் சோணையறைச் சுவரின் துவாரங்களை அடைத்துக் காட்டினர். அதன்பின் எத்தனையோ குழந்தைகள் பிழைத்து வளர்ந்தனர். ஆனால் துவாரத்தை அடைய வலச் சோணையறையின் பக்கச் சுவரைக் கீற வேண்டும். கீறிய இடம் தைக்கப்பட்டு ஆறிவிடும். ஆறிய இடத்தில் நெடுந்தழும்பு நிற்கும். பல்லாண்டு கழித்து, சோணையறை சிறிது விரிந்து, தசை சிறிது நலிந்த ஒரு நாளிலே, அலை அத்தழும்பைச் சுற்ற வழி கண்டுபிடிக்கும். அப்பெண்மணிக்கு நேர்ந்தது இதுவே.

மின்வரைபு இந்நோயில் வைத்தியரை ஏமாற்றவும் கூடும். நலிந்த சோணையறை எழுப்பும் அலைகள் மிகச் சிறியவை. அவை இதயவறையின் பேரலைகளுக்குள் மறைந்துவிடும். அப்போது அடினோசின் என்னும் மருந்தை நாளத்தில் ஏற்றினால் நடு முடிச்சு சில செக்கன்களுக்கு வழியை அடைத்துக்கொள்ளும். நாடி நிற்கும், கடதாசியிலோ சோணையறை அலைகள் மாத்திரம் அணிவகுத்துச் செல்வது தெரியும். சிறகடிப்பு அம்மருந்தினாற் பெரும்பாலும் நிற்பதில்லை. அது தன் முகத்தைக் காட்டிவிட்டு மீண்டும் திரையின் பின் போய்விடுகிறது. அந்த முகத்தைக் கண்டபின்னும் வட்டம் எங்கே என்று கடதாசியைக் கொண்டு அறுதியிட இயலாது. தழும்புள்ள இருதயத்தில் வழமையான வட்டமே வழமை மாறிய கோலத்தில் தோன்றுவதும் உண்டு.

இதனை ஏன் இத்துணை வருந்தித் தேட வேண்டும்? படபடப்புத்தானே என்று விட்டுவிட முடியாதா? முடியாது. சிறகடிக்கும் சோணையறையிலே இரத்தம் முழுமையாக வெளியேறாமல் தேங்கும். இடப்புற அறையில் மடல்போல் நீண்டிருக்கும் சிறு பையில் உறையும். உறைந்த கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பது இதனாலேயே. இரண்டாவதாக, வாரக்கணக்கில் ஓயாது விரையும் இருதயம் களைத்து, அதன் தசை தளர்ந்து, கால் வீங்கும். இத்தளர்ச்சி துடிப்பைச் சீராக்கியபின் பெரும்பாலும் திரும்பத் தேறிவிடும் என்பதனால், காரணத்தைக் கண்டறியாது விடுவது இரட்டிப்பு இழப்பு.

மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளெக்கனைட் போன்ற சில மருந்துகள் வட்டத்தில் ஓடும் அலையை மெதுவாக்குகின்றன. நன்றுதானே எனத் தோன்றும். ஆனால் 300 அலைகளிற் பாதியைத் தடுத்த காவல் முடிச்சு, 200 அலைகளாகக் குறைந்ததும் அத்தனையையும் உள்ளே விட்டுவிடலாம். நாடி 150இலிருந்து 200க்குத் தாவும். நோயாளி மயங்கி விழுவார். ஆதலால் முடிச்சை அடக்கும் வேறொரு மருந்தும் உடன் சேர்க்கப்படும். மின்னதிர்ச்சி கொடுத்து வட்டத்தை நிறுத்துதல் எளிது; ஆனால் தழும்பு அங்கேயே இருப்பதனால் வட்டம் மீண்டும் பிறக்கும்.

ஆகவே கதீற்றர்ச் சிகிச்சை. இரத்தம் உறையா மருந்தைக் குறைந்தது மூன்று வாரம் தவறாது உட்கொண்டபின், அல்லது உணவுக்குழாய் வழியே ஒலியலைக் கருவியைச் செலுத்திக் கட்டி இல்லை என்று உறுதி செய்தபின், நோயாளி சிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவரப்படுவார். மார்பு திறக்கப்படுவதில்லை. தொடையின் மேற்புறத்து நாளத்தில் ஊசியாற் சிறு வழி செய்து, நுனியில் மின்வாய்கள் பொருந்திய கதீற்றர்கள் இருதயத்துள் ஏற்றப்படும். 1929இல் ஜேர்மனியில் வேர்ணர் போர்ஸ்மான் என்னும் இளம் வைத்தியர் தம் கைநாளத்தின் வழியே தம் இருதயத்துள்ளேயே குழலொன்றைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் காட்டினார். அன்று பலரது கண்டனத்துக்கு ஆளான அச்செயலுக்காக 1956இல் நோபல் பரிசில் அவரும் பங்குபெற்றார்.

உள்ளே சென்ற கதீற்றர் சுவரைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வோரிடத்திலும் அலை எப்பொழுது வந்தது என்று குறிக்கிறது. காந்தப்புலத்தைக் கொண்டு கதீற்றரின் நுனி எங்குள்ளது என்றறியும் கருவியை 1997இல் இஸ்ரவேலின் ஹைபா நகரத்து ஆய்வாளர் விளக்கி வெளியிட்டனர். அதன் வழிவந்த இயந்திரங்கள் நூற்றுக்கணக்கான, இன்று ஆயிரக்கணக்கான, புள்ளிகளைக் கோத்து இருதயத்தின் உருவத்தைத் திரையில் வரைகின்றன. முந்தி அலை வந்த இடம் சிவப்பு, பிந்தி வந்த இடம் ஊதா, இடைப்பட்டவை வானவில்லின் ஏனைய நிறங்கள். சிவப்பின் தலையும் ஊதாவின் வாலும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டால் அங்கே வட்டம் பூர்த்தியாகிறது என்பது பொருள்.

எனினும் வண்ணப்படம் அழகாயிருப்பதனால் மாத்திரம் உண்மையாகிவிடாது. ஒரு வட்டத்தின் அலை தழும்புகளினூடே சிதறி, பக்கத்திலே இன்னொரு பொய்வட்டத்தை வரைந்து காட்டலாம். படம் சொல்வதை இருதயத்தையே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் அலபாமாவிலே பணியாற்றிய அல்பேட் வால்டோ. இருதய சத்திரசிகிச்சையின் பின் நோயாளரின் சோணையறையில் விட்டுவைக்கப்பட்டிருந்த கம்பிகளின் வழியே, சிறகடிப்பைக் காட்டிலும் சற்று விரைவாகத் துடிப்பூட்டி, அவரும் அவர் தோழரும் 1977இல் வெளியிட்ட அவதானமே இன்றைய பரீட்சைக்கு அடிப்படை.

கோவில் வீதியை உதாரணமாகக் கொண்டால் அப்பரீட்சை எளிதில் விளங்கும். சுவாமி நான்கு வீதியும் சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்ளலாம். வீதியோரத்து வீட்டு வாசலிலிருந்து ஒருவர் சுவாமியுடன் புறப்பட்டுச் சுற்றினால், சரியாக ஒரு மணி நேரத்தில் தம் வாசலுக்கு வந்து சேர்வார். ஒழுங்கைக்குள்ளே வீடுடையவரோ, ஒழுங்கையைக் கடந்து வீதிக்கு வந்து, சுற்றி, மீண்டும் ஒழுங்கையைக் கடந்து வீடு சேர வேண்டும். அவருக்கு அதிக நேரம் செல்லும். இருதயத்திலும் அவ்வாறே. அப்பெண்மணியின் வட்டத்துக்கு ஒரு சுற்று 250 மில்லிசெக்கன். கதீற்றரை ஓரிடத்தில் நிறுத்தி, 230 மில்லிசெக்கனுக்கு ஒன்றாகச் சில துடிப்புகளை ஊட்டி, திடீரென நிறுத்த வேண்டும். கடைசியாக ஊட்டிய துடிப்பு சுற்றிவந்து அதே கதீற்றரைத் தொட எத்தனை நேரம் செல்கிறது? 255 என்றால் கதீற்றர் வீதியிலேயே நிற்கிறது. 340 என்றால் ஒழுங்கைக்குள் நிற்கிறது; அவ்விடத்தைச் சுடுவதிற் பயனில்லை. சுற்று நேரத்துக்கு மேல் 30 மில்லிசெக்கன் வரையே அதிகமானால் அவ்விடம் வட்டத்தில், அல்லது அதற்கு மிக அண்மையில், உள்ளது என்று கொள்வது வழக்கம்.

இரண்டு மூன்று இடங்களில் இவ்வாறு கேட்டபின் வட்டம் தெளிவாகிறது: பழைய தழும்பின் ஒரு பக்கத்தால் ஏறி, மறுபக்கத்தால் இறங்கி, தழும்பின் கீழ்நுனிக்கும் கீழ்ப் பெருநாளத்தின் வாய்க்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியால் அலை நுழைகிறது. வட்டம் முழுவதையும் சுட வேண்டியதில்லை. அந்த ஒடுக்கத்திலே, மின்னலை செல்லாத ஒரு கரையிலிருந்து செல்லாத மறுகரை வரையும் ஒரு கோடு போதும். கதீற்றரின் நுனியில் வானொலி அதிர்வெண்ணையுடைய மின்னோட்டம், செக்கனுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் அதிர்வு கொண்டது, பாய்கிறது. தசையின் வெப்பம் 50 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டியதும் அவ்விடத்துக் கலங்கள் மீளாதபடி அழிகின்றன. நுனி அளவுக்கு மீறிச் சுட்டு இரத்தம் ஒட்டாதிருக்க உப்புநீர் அதன் வழியே வடிந்துகொண்டிருக்கும். புள்ளிக்குப் பக்கத்திற் புள்ளி வைத்துக் கோலக்கோடு இழுப்பது போன்ற வேலை. துடித்துக்கொண்டிருக்கும் சுவரில் இழுக்க வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு.

பலமுறை, கோடு முடியுமுன்னரே சிறகடிப்பு நின்றுவிடும். கூடத்திலே மகிழ்ச்சி பரவும். கை தேர்ந்தவர் அந்த மகிழ்ச்சியை நம்புவதில்லை. வட்டம் நின்றது என்பதும் வழி அறுந்தது என்பதும் ஒன்றல்ல. கோட்டில் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி எஞ்சினாலும் அலை அதன் வழியே முன்னிலும் மெதுவாக ஊரும். மெதுவாக ஊர்வதே வட்டத்துக்கு வேண்டியது. அரைகுறைக் கோடு, கோடே இல்லாமையினும் தீது. ஆகவே கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து துடிப்பூட்டி அலை மறுபக்கத்துக்கு நீண்ட வழியாலேயே வருகிறதா என்றும், பின்னர் மறுபக்கத்திலிருந்து இப்பக்கத்துக்கும் அவ்வாறே என்றும் பார்க்க வேண்டும். சூட்டினால் வீங்கிய தசை தற்காலிகமாக மௌனம் சாதிக்கலாம்; சிறிது நேரம் காத்திருந்து மறுபடியும் பார்க்க வேண்டும். அத்தோடு, துவாரம் அடைக்கப்பட்டவர்களில் முக்கூர் வால்வைச் சுற்றும் வழமையான வட்டமும் அடிக்கடி உடனிருக்கக் காணப்படுவதால், அதன் இடுக்கையும் அன்றே அறுத்துவிடுவதுண்டு.

இடச் சோணையறையின் வட்டங்கள் இதனினும் பிடிவாதமானவை. அங்கு செல்ல இரு அறைகளுக்கும் இடைப்பட்ட சுவரை ஊசியாற் துளைக்க வேண்டும். அவற்றுட் பெரும்பங்கு சத்திரசிகிச்சையின் விளைவுமன்று. 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து ஹைசகேரும் அவர் குழுவினரும், சோணையறை நடுக்கம் என்ற வேறொரு நோய் நுரையீரல் நாளங்களின் வாயிலிருந்தே பெரும்பாலும் தூண்டப்படுகிறது என்று காட்டினர். அதுமுதல் அந்நாளங்களைச் சுற்றிச் சுடும் சிகிச்சை உலகெங்கும் பரவியது. சிலருக்கு நடுக்கம் போயிற்று. சுட்ட வடுக்களைக் கரையாகக் கொண்டு சிறகடிப்பு வந்தது. இருகூர் வால்வைச் சுற்றும் வட்டம், கூரையைச் சுற்றும் வட்டம் என அவை பல. வைத்தியர் இட்ட கோடே வட்டத்துக்கு வழி வகுத்தது என்பதை நோயாளிக்கு மறைப்பது முறையன்று; நடுக்கத்துக்கான சிகிச்சைக்கு முன்னரே சொல்லி வைப்பதே நேர்மை.

இருகூர் வால்வின் வட்டத்தை அறுக்க, வால்விலிருந்து இடப்புறக் கீழ் நுரையீரல் நாளம் வரை கோடு இழுப்பர். உட்புறம் முழுதும் அறுந்தபின்னும் அலை கடந்துகொண்டேயிருக்கும் விந்தையை அங்கே காணலாம். காரணம், சுவரின் வெளிப்புறத்திலே ஓடும் சிறு நாளமும் அதனோடு ஒட்டிய தசையிழைகளும். 1850இல் ஜோன் மார்ஷல் என்னும் ஆங்கிலேயர் விவரித்த நாளம் அது. இன்று சிலர் அந்நாளத்துள்ளே மதுசாரத்தைச் சிறிதளவு செலுத்தி அவ்விழைகளை அழிக்கின்றனர். உடற்கூற்று நூலில் மூலையில் கிடந்த பெயரொன்று ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சிகிச்சைக் கூடத்தில் அன்றாடச் சொல்லாயிற்று.

இச்சிகிச்சை ஆபத்தில்லாததன்று. மெல்லிய சுவர் துளைபட்டு இருதயத்தைச் சூழ இரத்தம் தேங்கலாம். கட்டி மூளைக்குச் செல்லலாம். தொடையில் இரத்தம் கசியலாம். இவை அரியவை ஆயினும், கையெழுத்து வாங்குமுன் விளக்க வேண்டியவை. வட்டம் மீண்டும் வந்து இரண்டாம் முறை செல்ல நேர்வதும் வழமை மாறிய வகையிற் புதுமையன்று.

அப்பெண்மணி தொடைக்காயம் ஆறும்வரை சில மணி நேரம் காலை நீட்டியபடி படுத்திருந்தார். இரத்தம் உறையா மருந்தைக் குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கேனும் நிறுத்தலாகாது என்று சொல்லப்பட்டது. அதன்பின் தொடர்வதா என்பது வயது, இரத்த அழுத்தம், முந்திய நோய்கள் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்கப்படும். மறுநாட் காலை தாதி மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினார்: 72. விறாந்தையில் இருமுறை நடந்து வந்தபின் 94. கட்டிலில் அமர்ந்து தேநீர் குடித்து முடிக்கையில் 76.